முதல் வீட்டார்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். பெட்டி தூக்கியதில் இடுப்பு மட்டும் என் பேச்சைக் கேட்க மறுக்கிறது, மற்றபடி சுகம்தான். நீ எப்படி இருக்கிறாய்? உன் மனைவி, என் சின்னவள், எப்படி இருக்கிறாள்? மசக்கை வாந்தி நின்றதா? போனில் பேசினால் நாம் "சாப்பிட்டியா, தூங்கினியா"வைத் தாண்டி நகர்வதே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே கண் ஆஸ்பத்திரியில் எனக்குப் பழைய வேலைதான். இருட்டறையில் உட்கார்ந்து, "இதுல நல்லா தெரியுதா, அதுல நல்லா தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்க வேண்டும். வீட்டைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஆறு மாடிக் கட்டடத்தில் பின்பக்கம் மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் முகத்தில் இடிக்கும். ஆனால் படிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் தூசி ஒட்டவில்லை. லிஃப்ட் கூப்பிட்டவுடன் வருகிறது. நீ நம்ப மாட்டாய், உள்ளே விளக்கும் எரிகிறது!

கீழ்த்தளத்தில் பின்பக்கம் ஒரு தையல்காரர் குடும்பம் இருக்கிறது. இங்கே சங்கச் செயலாளர் யார் என்று அவரிடம் விசாரித்தேன்.

"செயலாளரெல்லாம் கிடையாதும்மா. முதல் வீட்டார் சபைதான் எல்லாம் பார்த்துக்குது."

"தேர்தல் எப்போ?"

அவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "தேர்தலா? முன்னே பல வீட்ல அப்பாங்க இருந்தாங்க. இப்ப இவங்க. நாளைக்கு இவங்க பிள்ளைங்க."

குறையாகச் சொல்லவில்லை, தம்பி. மழை வரும், வெயில் வரும் என்பது போலச் சொன்னார். எனக்கு உன் நினைவு வந்துவிட்டது. வகுப்பில் ஆட்சி முறைகளைப் பற்றித் தொண்டை கிழியக் கத்துகிறாயே, இதற்கு என்ன பெயர்?

சின்னவளுக்கு என் அன்பு. மாடிப்படியில் மெல்ல ஏறி இறங்கச் சொல்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடுப்பு உன்னோடு ராசியாகிவிட்டதா? சின்னவளுக்கு வாந்தி நின்று பசி ஆரம்பித்திருக்கிறது. நள்ளிரவில் ரொட்டி கேட்கிறாள். அஞ்சு மாடி இறங்கி வாங்கி வருவது யார் என்று கேட்காதே.

எங்கள் லிஃப்ட் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. சங்கத் தேர்தலில் நான் தோற்றதைச் சொன்னேன் அல்லவா? ஜெயித்தது நாலாம் மாடிக்காரர். குரல் வளத்தால் அவருக்கு 'மைக்' என்று பெயர். "பதவியேற்றதும் முதல் வேலை லிஃப்ட்தான்" என்று முழங்கினார். இப்போது லிஃப்ட் பற்றி ஆராய ஒரு துணைக்குழு, அந்தத் துணைக்குழு சரியில்லை என்று ஆராய இன்னொரு குழு. நான் இரண்டிலும் உறுப்பினர். சிரிக்காதே.

நீ கேட்டதற்குப் பதில்: உயர்குடி ஆட்சி. பாடப்புத்தகத்தில் 'சிறந்தவர்கள் ஆளும் முறை' என்று ஒரே வரி. போன வாரம் அதை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், சிறந்தவங்க யாருன்னு யார் முடிவு பண்ணுவாங்க?" என்றாள். "நல்ல கேள்வி, உட்காரு" என்றேன். பதில் தெரியாவிட்டால் ஆசிரியர்கள் வேறென்ன சொல்வார்கள்?

அதனால் உன் கட்டடம் எனக்கு வேண்டும், அக்கா. கண்ணைத் திறந்து வைத்துக்கொள். யார் இவர்கள், எப்படி வந்தார்கள், எதைச் செய்கிறார்கள், எல்லாவற்றையும் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இடுப்பு சமாதானத்துக்கு வந்துவிட்டது. உங்கள் இருவர் நலமும் வயிற்றுக்குள் இருப்பவரின் நலமும் எழுது.

நீ சொன்னபடி மூக்கை நுழைத்துவிட்டேன். மொட்டை மாடியில் துணி காயப்போடலாமா என்று அனுமதி கேட்கும் சாக்கில் சபைத் தலைவியின் வீட்டுக்குப் போனேன். வேலைக் காலத்தில் ஆறுகளுக்குப் பாலம் கட்டிய பொறியாளர். எல்லோரும் 'பாலத்தம்மா' என்றுதான் சொல்கிறார்கள். ஆடம்பரத்தை எதிர்பார்த்துப் போனேன். ஒரு பெரிய மேசை, அதன்மேல் கட்டடத்தின் குழாய்ப் படம், ஓரம் உடைந்த தேநீர்க் கோப்பை, அவ்வளவுதான்.

கதை இதுதான். கட்டடம் பாதி எழும்பியிருந்தபோது கட்டியவன் ஓடிவிட்டான். பணம் கட்டியவர்களில் பலரும் கைகழுவிவிட்டுப் போனார்கள். போகாத குடும்பங்கள் மணல் சுமந்து, சுவர் பூசி, கூரை இல்லாத அறைகளில் குழந்தைகளோடு படுத்துக் கட்டடத்தை முடித்திருக்கிறார்கள். முன்னின்று நடத்தியவர் பாலத்தம்மா. அவர்கள்தான் முதல் வீட்டார். அவர்கள் வீடெல்லாம் தெருவைப் பார்த்த முன்பக்கம். பின்பக்கம் பிறகு வந்த வாடகைக்காரர்களுக்கு.

"எங்களையும் ஒரு வார்த்தை கேட்கலாமே?" என்றேன், சிரித்துக்கொண்டேதான்.

"கேட்டா சொல்வாங்க. சொன்னா செய்யணும். செய்யறதைக் கேட்காமலே செஞ்சுட்டா வேலை சீக்கிரம் முடியுது." கடுமை இல்லாமல் சொன்னார். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்து, "உங்களுக்குத் தண்ணி சரியா வருதா?" என்றார்.

வருகிறது, தம்பி. கோடையில் இங்கே தட்டுப்பாடாம். தொட்டியிலிருந்து முன்பக்கத்துக்கு ஒரு குழாய், பின்பக்கத்துக்கு ஒரு குழாய். இரண்டையும் சமமான நேரம் திறக்க வேண்டும் என்பது பாலத்தம்மாவின் கட்டளை. அவரே மேலே ஏறிப் போய் வால்வைத் திருகுகிறார். தலைக்குக் குளிப்பது வாரம் ஒருமுறைதான், ஆனால் தலைவியும் வாரம் ஒருமுறைதான் குளிக்கிறார்.

சொல், என்ன குறை இதில்?

உன் அக்கா

ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறோம். உள்ளே இருப்பவர் உதைக்க ஆரம்பித்துவிட்டார். மைக் படிக்கட்டில் பேசும்போதுதான் அதிகம் உதைக்கிறார் என்று சின்னவள் சத்தியம் செய்கிறாள்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பெயர்களை மறைத்து வகுப்பிலும் சொன்னேன். "அந்த அம்மா மாதிரி இருந்தா தேர்தலே வேண்டாம் சார்" என்று பாதி வகுப்பு. "அந்த அம்மாவுக்கு அப்புறம்?" என்று மீதி வகுப்பு. மணி அடித்தும் யாரும் எழவில்லை. என் பணிக்காலத்தில் முதல் முறை!

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நேற்று சின்னவள் மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று ஜனநாயகத்தைத் திட்டினேன். எங்களுக்கும் ஒரு பாலத்தம்மாவை அனுப்பி வை.

ஆனால் அந்தக் கடைசி வரிசைப் பெண் என்னை விடமாட்டேன் என்கிறாள். "மணல் சுமந்தது அவங்க. அவங்க பிள்ளைங்க என்ன சுமந்தாங்க?" என்கிறாள். பாலத்தம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா? எப்படிப்பட்டவர்கள்?

வெயிலில் அலையாதே.

தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதம், கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. சின்னவளுக்குக் கால் வீங்குகிறதா? வீங்கினால் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல்.

பாலத்தம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்திருக்கிறார். சபையை இப்போது அவர் மகன் பார்த்துக்கொள்கிறார். ஒரே பிள்ளை. சிரித்த முகம், நல்ல சட்டை. எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்பார்.

முன்பக்கம் நாலாம் மாடியில் முதல் வீட்டார் ஒருவர் வாரிசில்லாமல் காலமானார். அப்படி ஓர் இடம் காலியானால் தகுதியானவர் ஒருவரைச் சபையே சேர்த்துக்கொள்ளுமாம். வீடும் அதே வாடகைக்குக் கிடைக்கும். படுக்கையிலிருந்தபடி பாலத்தம்மா என் பெயரைச் சொல்லியிருக்கிறார். "கேள்வி கேட்கத் தெரிஞ்ச ஆள்" என்றாராம்.

முன்பக்கம் வெளிச்சம் நன்றாக வருகிறது. இருட்டறையில் வேலை செய்பவளுக்கு வெளிச்சம் எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியும். சாமான்களை மாற்றி ஒரு வாரமாகிறது. உள்ளே இருந்து பார்த்தால்தானே உனக்கும் சரியாக எழுத முடியும்?

சேரும்போதே வாரிசின் பெயரைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எனக்கு யார் இருக்கிறார்கள்? 'என் தம்பிக்குப் பிறக்கப்போகும் குழந்தை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சபையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

என்ன சொல்கிறாய், வருங்காலப் பிரபுவின் தகப்பனாரே?

உன் அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம் வைக்கவா, காலில் விழவா? நலமாக இருக்கிறோம். சின்னவளின் கால் வீக்கம் உன் தலையணையால் குறைந்தது.

கடிதத்தைப் படித்ததும் கத்தினேன். "என்ன அநியாயம் இது! பிறக்கவே இல்லை, அதற்குள் பதவியா? யாரைக் கேட்டு?" என்று வீடெல்லாம் நடந்தேன். சின்னவள் ரொட்டியைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல்ல இந்தப் பிரபு வெளிய வரணும். அதுக்கு நான் அஞ்சு மாடி இறங்கணும். அப்புறம் பதவி ஏத்துக்கட்டும்" என்றாள்.

இப்போது வெட்கக்கேடான பகுதி. மறுநாள் ஆசிரியர் அறையில் நானே பேச்சை இழுத்து இதைச் சொன்னேன். கேலியாகச் சொல்வது போலத்தான். ஆனால் சொல்லும்போது என் முதுகு நிமிர்ந்ததை நானே உணர்ந்தேன். கணக்கு வாத்தியார், "உங்க குடும்பம் அப்பவே பெரிய குடும்பம்னு நினைச்சேன் சார்" என்றார். மறுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அக்கா. ஊர் பேர் தெரியாத கட்டடத்தில் ஒரு நாற்காலி, அதுவும் எனக்கில்லை. அதற்கே இப்படி என்றால், கோட்டையும் கொடியும் உள்ளவனுக்கு எப்படி இருக்கும்?

சரி, விஷயத்துக்கு வா. தண்ணீர் நிலைமை எப்படி? வால்வை இப்போது யார் திருகுகிறார்கள்? தையல்காரர் குடும்பம் சுகமா?

தம்பி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஆஸ்பத்திரியில் கூட்டம், எழுத நேரமே கிடைப்பதில்லை. வீட்டை ஒருவழியாக ஒழுங்குபடுத்திவிட்டேன். பழைய திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டினேன், புதிதுபோல் இருக்கின்றன. பால்கனியில் தொட்டிச்செடிகள் வைத்திருக்கிறேன். மாலையில் அங்கே உட்கார்ந்தால் தெரு முழுவதும் தெரிகிறது. கடைக்காரன் பலகை மூடுவது, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது எல்லாம்.

சபைக் கூட்டங்கள் முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் நடக்கின்றன. நல்ல மனிதர்கள்தான். பாலத்தம்மாவின் மகன் எல்லோருக்கும் பிஸ்கெட் வாங்கி வருகிறார்.

குழந்தைக்குத் துணி தைத்து அனுப்புகிறேன். சின்னவளைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ஒரே ஒரு சந்தேகம்.

ஏப்ரலில் வாரம் ஒருமுறைதான் தலைக்குக் குளிக்க முடிகிறது என்று எழுதினாய். இப்போது கொளுத்தும் ஜூனில் திரைச்சீலை துவைக்கிறாய், செடி வளர்க்கிறாய். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தையல்காரர் வீட்டில் என்ன துவைக்கிறார்கள்?

தம்பி

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதிலே இல்லை. போன் செய்தால் "நல்லா இருக்கேன், வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கோபமா? அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்று நான் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

உன் மனம் லேசாக ஒரு செய்தி. லிஃப்ட் ஓடுகிறது!

போன வாரம் என்னை ஒரு நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி, சின்னவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நாலாம் மாடிக்கு இறங்கினாள். மைக்கின் வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்தாள். அவர் கதவைத் திறந்து திகைத்துப் போனார்.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்லை. நீங்க ஓட்டுக் கேட்டு எங்க வாசலுக்கு வந்தீங்கல்ல? நான் லிஃப்ட் கேட்டு உங்க வாசலுக்கு வந்திருக்கேன். சரியாகற வரைக்கும் இங்கேயே இருக்கேன்."

மேலே போகிறவர்களும் கீழே போகிறவர்களும் நின்று பார்த்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னொருத்தி தானும் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள். மாலைக்குள் அந்த மாடியில் நடக்க இடமில்லை. மெக்கானிக்கிடம் மைக் மெல்லிய குரலில் பேசியதை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். குழுக்கள் இரண்டும் கலைக்கப்பட்டன. எனக்கு இரட்டைப் பதவி இழப்பு.

பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறது. ஒரு வரியாவது எழுது.

தம்பி

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. பதில் எழுதப் பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை.

நீ நினைத்தது சரிதான். பாலத்தம்மா விழுந்த பிறகு மகன் வால்வைத் திருக ஆள் வைத்தார். மே மாதக் கூட்டத்திலேயே, தண்ணீர் குறைகிறது, முதல் வீட்டார் குடும்பங்கள் பெரியவை, அதனால் முன்பக்கக் குழாயை நெடுநேரமும் பின்பக்கக் குழாயைக் கொஞ்சமும் திறக்கலாம் என்றார். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். நான் தூக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை. தட்டிலிருந்த பிஸ்கெட்டை எடுத்துக் கடித்தேன். அன்று என் வாய் செய்த வேலை அதுதான்.

பழகிவிட்டது, தம்பி. எனக்கே ஆச்சரியம், எத்தனை சீக்கிரம்! குழாயைத் திறந்தால் வருகிறது, வந்தால் நியாயம்தான் என்று தோன்றுகிறது.

உன் கடிதம் வந்து சில நாள் கழித்து லிஃப்டில் தையல்காரரின் மனைவியைப் பார்த்தேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, பின்பக்கத்து ஆறாம் மாடியில் உடம்புக்கு முடியாத ஒருவருக்குக் கொண்டுபோகிறாள். என் ஈரத் தலையைப் பார்த்தாள். "தலைக்குக் குளிச்சீங்களாக்கா? என்ன ஷாம்பு? வாசனையா இருக்கே" என்றாள். குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டாள். நாலாம் மாடி வருவதற்குள் செத்துப் பிழைத்தேன்.

என் வீட்டில் கூட்டம் நடத்தும் முறை ஜூலையில் வந்தது. விதிகளை எடுத்துப் படித்தேன். யார் பேசலாம், யார் கை தூக்கலாம் என்றெல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரர் விருந்தாளிகளை அழைக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அழைத்தேன். பின்பக்கம் முழுவதையும்.

சபையார் வந்தபோது சோபாவில் தையல்காரர், கட்டில் நிறையப் பெண்கள், சமையலறை மேடைமேல் இரண்டு பேர், பால்கனியில் என் செடிகளுக்கு நடுவே ஒரு குடும்பம். வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்திலும் தேநீர். கடைசியாக வந்தவர் கண் கழுவும் கிண்ணத்தில் குடித்தார், புதுக் கிண்ணம்தான்.

"இது சபைக் கூட்டம். வெளியாளுங்க இருக்கக் கூடாது" என்றார் பாலத்தம்மாவின் மகன். அன்றைக்குச் சிரிப்பில்லை.

"இவங்க என் விருந்தாளிங்க. வீட்டுக்கு வந்தவங்களை எழுந்து போன்னு சொல்ல எனக்குத் தெரியாது. நீங்க வேணும்னா சொல்லிப் பாருங்க" என்றேன். தேநீர்த் தட்டை அவர் பக்கம் நீட்டினேன்.

யாரும் சொல்லவில்லை. போன கூட்டத்தில் 'பின்பக்கத்துக்காரங்க' என்று சுலபமாக வந்த சொல், முகங்களுக்கு முன்னால் ஒருவர் வாயிலும் வரவில்லை. அப்போது லிஃப்ட் கதவுச் சத்தம். சக்கர நாற்காலியில் பாலத்தம்மா. தண்ணீர் விஷயத்தைச் சொல்லி நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வருவார் என்று நினைக்கவில்லை.

மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தையல்காரரிடம்தான் கேட்டார். "என் காலத்துல இப்படி இருந்துச்சா?"

தையல்காரர் எழுந்து நின்றார். "இல்லைம்மா. நீங்க இருந்த வரைக்கும் சரியா வந்துச்சு. நீங்க விழுந்த நாள்லேருந்துதான் இப்படி. அதுக்காக, நீங்க விழாம இருக்கணும்னு நாங்க எல்லாரும் கும்பிட்டுக்கிட்டே இருக்க முடியுமா?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாலத்தம்மா சக்கரத்தைத் தள்ளி நடுவில் வந்தார். "ஒரே தூண்ல நிக்கற பாலத்தை நான் வரைஞ்சு கொடுத்திருந்தா, அன்னிக்கே என்னை வேலையை விட்டுத் துரத்தியிருப்பாங்க" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "தண்ணித் தொட்டிச் சாவியைக் குடு" என்றார்.

இப்போது தண்ணீர் சமமாக வருகிறது. செப்டம்பரில் எல்லா வீட்டுக்கும் ஓட்டு. பெரிய சண்டைக்குப் பிறகுதான் முடிவானது, இரண்டு குடும்பம் என்னோடு இன்னும் பேசுவதில்லை. உன் பிள்ளையின் நாற்காலியைப் பறித்துவிட்டேன். மன்னிப்பாளா, மன்னிப்பானா?

உன் அக்கா

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துவிட்டாள். பெண் குழந்தை! தாயும் மகளும் சுகம். லிஃப்டில் இறங்கிப் போனாள் சின்னவள், லிஃப்டில் ஏறி வந்தார்கள் இருவரும். கூட ஏறிக்கொண்ட மைக் குழந்தையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் அவரைவிட உரக்க அழுதாள்.

உன் கடிதத்தைச் சின்னவளுக்குப் படித்துக் காட்டினேன். பிஸ்கெட் இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். "முழுசா படிங்க" என்றாள். முடித்ததும், "உங்க அக்கா எழுதாம இருந்த மாசம்தான் எனக்கு நம்பிக்கையா இருந்துச்சு. சுலபமா ஒரு பொய்யை எழுதி அனுப்பியிருக்கலாம்" என்றாள். எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா.

வகுப்பில் சொன்னேன். கடைசி வரிசைப் பெண் நீ தேர்தலில் நிற்கிறாயா என்று கேட்கிறாள். நிற்கிறாயா?

குழந்தைக்கு உன் மூக்கு. பாவம்.

தம்பி

செப்டம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

என் மூக்குக்காரிக்கு ஆயிரம் முத்தம். சின்னவள் நன்றாகத் தூங்குகிறாளா? நான் சுகம். தோற்றுவிட்டேன், இருந்தும் சுகம்.

ஜெயிப்பேன் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்துவிட்டது நான்தானே? கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தேன். எனக்கும் கீழே பாலத்தம்மாவின் மகன் மட்டும். வலித்தது. தையல்காரரின் மனைவியிடமே கேட்டுவிட்டேன். "நீங்க நல்லவங்கதான்கா. ஆனா முன்பக்கம் போனப்புறம் ரொம்ப நாள் எங்களை வந்து பார்க்கவே இல்லையே" என்றாள். இருட்டறையில் நான் பிறரைக் கேட்கும் கேள்விகளைவிடச் சுருக்கமான பதில்.

யாருக்கு அதிக ஓட்டு என்று நினைக்கிறாய்? பாலத்தம்மாவுக்கு! பின்பக்கம் அப்படியே அள்ளிப் போட்டிருக்கிறது. முடிவைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. சீட்டுகளைத் தானே வாங்கித் திரும்ப எண்ணினார். பிறகு என் காதருகில், "இவங்களுக்கு என்னைப் பிடிக்குமா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார். இத்தனை வருஷம் ஆண்டவர், தம்பி. கண் கலங்கியிருந்தது. தலைமை தனக்கு வேண்டாம், உறுப்பினராக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். தலைவர் தையல்காரர்.

நேற்று முதல் கூட்டம். கீழ்த்தளக் கூடத்தில், கதவெல்லாம் திறந்து வைத்து. நான் படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். தையல்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார், பக்கத்தில் கல்லூரி படிக்கும் மகள். அவளைத் தன் அருகிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "இவளும் இப்பவே பழகிக்கட்டும். எனக்கப்புறம் இதையெல்லாம் இவதானே பார்க்கணும்" என்றார்.

வஞ்சகமே இல்லாத முகம். பெருமை மட்டும்தான். உன் முதுகு நிமிர்ந்ததாக எழுதினாயே, அப்படித்தான் இருந்திருக்கும்.

"இவளுக்கு நாங்க எப்பங்க ஓட்டுப் போட்டோம்?" என்று கேட்டேன். முதலில் சிரித்தது பாலத்தம்மா, ஊன்றுகோல் நழுவும் அளவுக்கு. அப்புறம் எல்லோரும். தையல்காரர் ஒன்றும் புரியாமல் விழித்து, புரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெண் எழுந்து, "அதானேப்பா?" என்று சொல்லிவிட்டு நேராக வந்து என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

கூட்டம் குப்பைத்தொட்டி விஷயத்துக்குப் போனது. அவள் கையில் புது விதிகளின் தாள். வரி வரியாகப் படித்தாள், திருப்பினாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அக்கா, அடுத்த தேர்தல் எப்போன்னு இதுல எங்க போட்டிருக்காங்க?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் தேடினேன். எழுதவே இல்லை. எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றாகக் கையைத் தூக்கினோம்.

குழந்தையைக் காற்றோட்டமாகப் படுக்க வை. பதில் போடு.

உன் அக்கா